இரண்டு சுண்டு அரிசி

மங்களம் மாமி மில்லுக்கு வந்தால் கையில் இரண்டு சாமான் இருக்கும். ஒன்று, வறுத்த சரக்கு நிறைந்த பச்சை வாளி. மற்றது, சேலைத் தலைப்புக்குக் கீழே ஒளித்துப் பிடித்த சின்னத் துணிப்பை. வாளிக்குள் என்ன இருக்கிறது என்பதை ஊருக்கே கேட்கச் சொல்லுவார். பைக்குள் இருப்பதைக் கண்ணால் மட்டும் காட்டுவார். அதில் இரண்டு சுண்டு பச்சையரிசி இருக்கும். சுண்டு என்றால் எங்கள் பக்கத்தில் பழைய பால் தகரப்பேணி அளவுதான், பெரிய கணக்கொன்றும் இல்லை.

கோண்டாவிலில் எங்கள் மில்லுக்கு வராத வீடு குறைவு. என் புருசன் உயிரோடு இருந்தபோது அவர் மில்லை ஓட்டினார், நான் ஆட்களோடு சண்டை பிடித்தேன். அவர் போன பிறகு இரண்டு வேலையும் என் தலையில். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. எல்லா வீட்டுக்கும் சரக்கு இதுதான். ஆனால் எந்த இரண்டு வீட்டுத் தூளுக்கும் ஒரே மணம் கிடையாது. ஒருத்தி மல்லியைக் கறுக்க வறுப்பாள். ஒருத்தி கறுவாவும் ஏலக்காயும் சேர்ப்பாள். ஒருத்தி மிளகாயில் மிச்சம் பிடிப்பாள். வாளி மூடியைத் திறந்தால் வீட்டுக்காரியின் குணம் எனக்குத் தெரிந்துவிடும். கடையில் தூள் வாங்குகிறவளை எங்கள் ஊரில் சோம்பேறி என்று சொல்லமாட்டார்கள். அதைவிட மோசமாக, "பாவம்" என்பார்கள்.

தூள் மில்லில் ஒரு விசயம் உண்டு. முன்னால் அரைத்தவளின் தூள் கொஞ்சம் உள்ளே தகட்டிலும் துணிக்குழாயிலும் ஒட்டி நிற்கும். அடுத்தவளின் வாளியில்தான் அது விழும். உன்னுடையதில் கொஞ்சம் எனக்கு, என்னுடையதில் கொஞ்சம் அடுத்தவளுக்கு. ஒருவரும் இதைப் பெரிதாக எடுப்பதில்லை. மாமி எடுப்பார். தனக்கு முன்னால் அரைத்தது குருக்கள் வீட்டம்மா என்றால் பேசாமல் வாளியை நீட்டுவார். பவளமோ பவளத்தின் ஆட்களோ என்றால் பை வெளியே வரும்.

"திரவியம், இந்த அரிசியை ஒருக்கா ஓடவிடு பிள்ளை. மற்றவையின்ர மணம் ஏறிடும்."

பவளத்தின் புருசன் கள்ளுச் சீவுகிறவர். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. என்னை அந்தக் கணக்கில் மாமி எங்கே வைத்திருந்தார் என்று நான் கேட்டதில்லை. மில்காரிக்குக் கொஞ்சம் சலுகை உண்டு.

அரைத்த தூள் சூடாறும் வரைக்கும் பவளம் அங்கேயே சுவரோர வாங்குப் பலகையில் இருப்பாள். அவளுக்குப் பின்னால் அரிசி ஓடுகிற சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்கும். வெற்றிலையை மடித்து வாயில் போடுவாள். வெளியே விழும் மாவை நான் என் கோழிகளுக்குப் போட்டுவிடுவேன். உள்ளே ஒட்டியது மாமியின் தூளோடு போகும். சுத்தம் செய்கிறோம் என்ற நினைப்பில் மாமிக்கு அது கண்ணில் படவே இல்லை.

மாமி கெட்டவர் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு எழும்ப எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் பட்ட பாட்டையும் நான் பார்த்திருக்கிறேன். புருசன் வாலிபத்திலேயே போய்ச் சேர, ஒரே பிள்ளை நிமலனை வெங்காயத் தோட்டம் செய்து வளர்த்தவர். தானே இறைத்து, தானே பாத்தி கட்டி, வெங்காயப் பிடியைத் தலையில் சுமந்து சந்தைக்குப் போனவர். அந்தத் தோட்டத்தில் அவரோடு வெயிலில் நின்று புல்லுப் பிடுங்கியது பவளம். பத்து மணித் தேத்தண்ணி அவளுக்கு வேலிக்கு மேலால் வரும், கிணற்றுக்கட்டில் அவளுக்கென்று கவிழ்த்துவைத்த தனிப் பேணியில்.

தொண்ணூற்றைந்தில் ஆமி வர, ஊரே எழும்பி ஓடியபோது நாங்கள் எல்லாரும் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பறையில் கிடந்தோம். மாமி கொண்டுவந்தது நகையும் காணி உறுதிப் பத்திரமும். பவளம் கொண்டுவந்தது ஒரு போத்தல் தூள். நகையையும் உறுதியையும் கறி வைக்க முடியுமா? நிவாரணப் பருப்பிலும் யாரோ கொடுத்த பூசணிக்காயிலும் பவளம் தன் தூளைப் போட்டுக் காய்ச்ச, சின்னப்பெடியன் நிமலன் தட்டை வழித்துத் தின்றான். மாமியும் தின்றார். ஊர் திரும்பி வேலியை அடைத்த பிறகுதான் அவர் அரிசிப் பையோடு வரத் தொடங்கினார். அதற்கு முதல் அந்தப் பழக்கம் அவரிடம் இருந்ததில்லை. பவளத்தின் சட்டியில் தின்றது அவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். அந்த வெட்கத்தைத்தான் என் மில்லில் விட்டுக் கழுவினார் என்று நினைக்கிறேன்.

நிமலன் வளர்ந்து கனடாவுக்குப் போனான். தோட்டக் காணியில் பாதியும் அவனோடு போனது. போன புதிதில் ஞாயிறு தவறாமல் போன் எடுப்பான். பிறகு கலியாணம், குழந்தை, இரண்டு இடத்தில் வேலை. போன் குறைந்தது. அவனை இழுத்துப் பிடிக்க மாமியிடம் மிஞ்சியிருந்த கயிறு தூள் ஒன்றுதான். கனடா போகிற ஆள் யாராக இருந்தாலும் மாமி பார்சலோடு அவர்கள் வீட்டு வேலிப் படலையில் நிற்பார். பார்சல் போனால் நிமலன் எடுத்தாக வேண்டும். "கிடைச்சுதம்மா" என்றாவது சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக நாள் முழுக்க அடுப்படியில் நின்று வறுப்பார்.

ஒருநாள் அவன் அதற்கும் முடிவு கட்டினான்.

"இனி அனுப்பாதேங்கோ எண்டுறான் பிள்ளை," என்றார் மாமி என்னிடம். "கறி களி மாதிரி வருதாம். போனமுறை அனுப்பினது வண்டு பிடிச்சிட்டுதாம். அங்கை கடையில நல்ல தூள் இருக்காம். என்ர பிள்ளை கடைத்தூள் தின்னுறான்!"

வெட்கம் வந்தால் மாமி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைப்பார். அன்றைக்குத் துடைத்த துடையில் கழுத்துச் சிவந்துவிட்டது. இன்னும் ஒருதரம் அனுப்பிப் பார்ப்பது, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுவது என்று முடிவெடுத்து, இரண்டு நாள் கழித்து வறுத்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்கென்று பார்த்துக் கரண்ட் போய்ப் போய் வந்தது. மில்லில் நெரிசல். அரைத்த கையோடு மூடினால் தூள் வேர்க்கும் என்று எல்லாரும் வாளிகளைத் திறந்து வாங்கில் ஆறவிட்டிருந்தார்கள். மாமியுடையதும் பவளத்துடையதும் நல்லூர்த் திருவிழாக் கடையில் வாங்கிய ஒரே மாதிரிப் பச்சை வாளிகள். கனடா போகிற கோயிலடி மாஸ்ரரை எயார்போட்டுக்கு ஏற்றுகிற வான் வெளிக்கிடுகிறது என்று யாரோ சொல்ல, மாமி கைக்கு எட்டிய வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அடுத்தநாள் பவளம் மற்ற வாளியோடு வந்தாள்.

"திரவியக்கா, இது என்ர தூள் இல்லை. விரலுக்குள்ள மா மாதிரி ஒட்டுது பாருங்கோ."

நான் மாமி வீட்டுக்குப் போய் விசயத்தைச் சொன்னேன். "உவளின்ரையோ என்ர பிள்ளைக்குப் போனது?" என்றார். நேரே கிணற்றடிக்குப் போய், அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினார். கனடாவுக்குப் போன தூளுக்கு மாமி கோண்டாவிலில் முழுகினார்.

ஆனால் தூள் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. மாமி மில்லுக்கு வந்த வரத்தே வேறு.

"நிமலன் எடுத்தவன் பிள்ளை. 'என்னம்மா போட்டனீங்கள் இந்தமுறை? மனுசி சட்டியை வழிச்சுத் தின்னுறா. எனக்குச் சின்னனில எங்கையோ சாப்பிட்ட மாதிரிக் கிடக்கு' எண்டான். கைப்பக்குவம் பிள்ளை, எல்லாம் கைப்பக்குவம்!"

சொல்லிக்கொண்டே திரும்பினால் வாங்கில் பவளம் இருக்கிறாள். மாமியின் கை கழுத்துக்குப் போனது.

"ஓம் மங்களம்மா," என்றாள் பவளம். "உங்கட கை எண்டாச் சும்மாவே!"

வரிசையில் இரண்டு பேர் இருமினார்கள். மிளகாய்க்கு இருமினார்களா, சிரிப்பை அடக்க இருமினார்களா என்று தூள் மில்லில் கண்டுபிடிக்க முடியாது. மாமி அன்று அரைக்காமலேயே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட அவதி கொஞ்சமில்லை. மல்லியைக் கறுக்க வறுத்துப் பார்த்தார். கறிவேப்பிலையைக் கூட்டினார். கராம்பு போட்டார், பிறகு எடுத்தார். மிளகை இரண்டு மடங்காக்கினார். எல்லாம் செய்தார், கடைசியில் பையைத் திறந்து அரிசியையும் ஓடவிட்டார். "முந்தினது மாதிரி இல்லையே அம்மா" என்றான் நிமலன். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

வழக்கமாக நேரகாலம் பார்க்காமல் வருகிற மாமி ஒருநாள் பத்து மணிக்கு, பவளம் வருகிற நேரம் பார்த்து வந்தார். அரைத்துவிட்டுத் தன் வாளியைப் பவளத்தின் வாளிக்குப் பக்கத்தில் ஆறவைத்தார். நான் யாருடையதோ உழுந்தைக் கொட்டிக்கொண்டிருந்தேன். பவளம் வெற்றிலை துப்ப வெளியே போனாள். நான் திரும்பிப் பார்த்தபோது மாமி றோட்டில் ஏறிவிட்டார், கையில் பவளத்தின் வாளி. இந்தமுறை அவசரம் இல்லை, வான் இல்லை, ஒன்றும் இல்லை. நடையிலேயே தெரிந்தது. ஊரில் ஒருவரிடமும் ஒரு பிடி உப்பு இரவல் கேட்காத மனுசி, தலையைக் குனிந்துகொண்டு வேலிக்கரையோரம் பதுங்கிப் பதுங்கிப் போனார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் உடம்பு கூசியது.

"கூப்பிடவோ?" என்று திரும்பி வந்த பவளத்தைக் கேட்டேன்.

பவளம் மிஞ்சியிருந்த வாளியைத் தொட்டுப் பார்த்தாள். "வேண்டாமக்கா. பிள்ளைக்குத்தானே கொண்டுபோறா." கொஞ்சம் பொறுத்து, "என்ர வாளியைத் தொட்டதுக்கு இனிப் போய் முழுகவும் வேணும். தண்ணி அள்ளி அள்ளி நாரியும் முதுகும் நோகப்போகுது, பாவம்," என்றாள்.

அந்தப் பார்சலுக்கு நிமலன் எடுத்தான். எடுத்தது மட்டுமில்லை, நல்லூர்த் திருவிழாவுக்கு மனுசி பிள்ளையோடு வந்தும் நின்றான். அம்மா தூள் அரைப்பதைப் போனில் படம் பிடிக்க வேண்டுமாம். மாமி "அங்கை புழுதி, தும்மல் வரும், வேண்டாம் அப்பன்" என்று சொன்னதொன்றும் எடுபடவில்லை. வாளியைத் தானே தூக்கிக்கொண்டு மில்லுக்கு வந்துவிட்டான். வந்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது பவளத்தின் சரக்கு.

நிமலன் வாசலிலேயே நின்றான். மூக்கைத் தூக்கினான்.

"அம்மா, இதுதான்! இதுதானே உங்கட தூள்!" உள்ளே வந்து துணிக்குழாய்க்குக் கீழே கையை நீட்டி, ஒரு சிட்டிகை ஏந்தி நாக்கில் வைத்தான். "இதேதான். இது ஏன் பவளக்காவின்ர வாளியில விழுகுது?"

பவளத்தின் சரக்கு முடிகிற தறுவாயில் இருந்தது. நான் மில்லை நிறுத்தினேன். மாமி சொல்லப்போவது எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான் நிறுத்தினேன். என் குணம் அது.

மாமி மகனைப் பார்க்கவில்லை. "உவள் எங்கட தோட்டத்தில நிண்டவள்தானே தம்பி. என்னைப் பார்த்துப் பழகினது," என்றார்.

பொய் வாயிலிருந்து விழுந்ததும் அவருக்கே அது தாங்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது. பவளம் அவசரப்படாமல் வாளிக்கு மூடி போட்டாள்.

"ஓம் தம்பி. மங்களம்மாட்டைப் பழகினதுதான். குசினிக்குள்ள எங்களை விடமாட்டினமெல்லே, வேலிக்கு அங்கால நிண்டு மணத்தில பழகினனான். அரிசி போடுற பக்குவம் மட்டும் மணத்தில பிடிபடேல்லை."

"என்ன அரிசி?" என்றான் நிமலன்.

அடுத்தது மாமியின் முறை. நான் வழக்கமாகக் கேட்கிறதைத்தான் கேட்டேன்.

"மாமி, அரிசி போடவோ?"

நிமலன் தாயின் கையைப் பார்த்தான். தலைப்புக்குக் கீழே துணிப்பை. வரிசையில் நின்ற குருக்கள் வீட்டம்மாவுக்கு நடப்பதொன்றும் விளங்கவில்லை. நல்ல மனதோடு விளக்கம் சொன்னார்: "பவளம் அரைச்ச பிறகு அரைக்கிறதெண்டா அம்மா அரிசி விட்டு மில்லைக் கழுவுறவ தம்பி. அவ வலு சுத்தமெல்லே."

"அந்த மா பேந்து எங்கை போகும்?" என்று என்னைக் கேட்டான்.

"பாதி கோழிக்கு. பாதி உங்கட வாளிக்கு."

களியான கறி, வண்டு பிடித்த பார்சல், எல்லாம் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் ஏறியதைப் பார்த்தேன். அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் மாமியும் திருப்பிச் சத்தம் போட்டுத் தப்பியிருப்பார். "அப்ப நல்லா இருந்ததெல்லாம் இவவின்ரை," என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"இது கோழிக்குக் கொண்டந்தது," என்றார் மாமி. வாசலுக்குப் போய் அரிசியை உதற, என் கோழிகள் ஓடிவந்தன. அத்தனை வருசமும் அவற்றுக்குத் தீனி போட்டது மாமிதான், அன்றைக்குத்தான் நேரே போட்டார். திரும்பி வந்து, கழுத்தைத் துடைக்கக்கூட மறந்து, தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அவருடைய சரக்கைப் பவளத்துடையதுக்குப் பின்னால் அப்படியே போட்டு அரைத்தேன்.

நிமலன் அந்தத் தூளோடு கனடாவுக்குத் திரும்பினான். சில நாள் கழித்து மாமி என்னிடம் வந்தார்.

"எடுத்தவன் பிள்ளை. தூள் நல்லா இருக்காம். பவளத்தின்ரையை விட ஒரு குறையும் இல்லையாம்." சந்தோசமாகச் சொல்ல வேண்டிய செய்தி. அவர் சொன்னபோது கண் நிலத்தில் இருந்தது. "என்ர தூள் எப்பவும் நல்லாத்தான் இருந்திருக்கு. நானே என்ர தலையில மண்ணள்ளிப் போட்டிருக்கிறன்."

"வேற என்ன சொன்னவன்?"

"'அந்த அக்காவோட கதைச்சனீங்களோ அம்மா' எண்டு கேட்டான். இல்லையெண்டன். 'சரி, பேந்து எடுக்கிறன்' எண்டு வைச்சிட்டான்."

அடுத்தமுறையும் அதே கேள்வி, அதே பதில். அதற்குப் பிறகு போன் வரவில்லை. மாமி பவளம் வீட்டு ஒழுங்கை முனை வரை போய்ப் போய்த் திரும்பியதை ஊரே பார்த்தது. "என்னெண்டு பிள்ளை கதைக்கிறது?" என்று என்னிடம் அழுதார். "படலையில கை வைக்கவே உடம்பு கூசுது. அவள் வாளியைத் திறந்து பார்த்திருப்பாளெல்லே, களவெடுத்தது நானெண்டு அவளுக்குத் தெரியுமெல்லே?" தெரியும் என்றேன். இதெல்லாவற்றையும் பவளத்துக்கும் சொன்னேன். எனக்கு வாயைக் கட்டிவைத்துப் பழக்கமில்லை.

கார்த்திகை மழை கொஞ்சம் விட்ட ஒரு காலை. மாமி அரைத்து முடித்து வாளியை ஆறவைத்துக்கொண்டு வாங்கில் இருந்தார். அடுத்த ஆள் பவளம். வாளியை என் முன்னால் வைத்தாள். பிறகு சேலைத் தலைப்புக்குக் கீழே இருந்து ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினாள்.

"திரவியக்கா, இந்த அரிசியை ஒருக்கா ஓடவிடுங்கோ. மற்றவையின்ர மணம் ஏறிடும்."

பையைக் கையில் வாங்கியதும் தெரிந்தது. இரண்டு சுண்டு, சரியாக இரண்டு சுண்டு. மில்லில் ஒருவரும் இருமவில்லை.

மாமி எழும்பினார். வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. நேரே வந்து என் கையிலிருந்த பையை வாங்கினார். பவளத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. மில்லைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கொடிகாமத்தில உன்ர சட்டியில திண்டுதான் என்ர பிள்ளை உயிரோட வந்தவன். நானும் திண்டனான்."

அரிசியை மில்லின் வாயில் தன் கையாலேயே கொட்டினார். கொஞ்சம் நிலத்தில் சிந்தியது. வயதான மனுசி முழங்காலை மடித்துக் குந்தி, சிந்திய அரிசியைப் பொறுக்கி அதையும் போட்டார். நான் மில்லை ஓட்டினேன். அவருடைய தூள் ஒட்டியிருந்த மில்லை அந்த அரிசி கழுவிக்கொண்டு போனது. சத்தம் முடியும் வரைக்கும் மாமி அங்கேயே குனிந்து நின்றார். தன்னுடையதைக் கழுவும்போது அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு பவளம் தன் சரக்கைக் கொட்டினாள். தூள் வெளிறி விழுந்தது. விரலால் தொட்டு உரசிப் பார்த்தாள்.

"இந்தமுறை எங்கட வீட்டிலயும் களிதான்," என்றாள். வாளியை இடுப்பில் எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"தம்பி எடுத்தா, கதைச்சனாங்கள் எண்டு சொல்லுங்கோ மங்களம்மா."

மாமி தலையை ஆட்டினார். நிமிரவில்லை.